கழுத்து வெட்டுத் துண்டுகள்

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் காசு சேர்த்து வாங்கிய எந்தப் பொருளையும் வெறுமனே வைத்திருக்க மாட்டார்கள். ரேடியோவுக்குப் பூப்போட்ட உறை இருக்கும். மிக்ஸிக்கு நாடா வைத்த உறை இருக்கும். டி.வி. வந்த வீட்டில் அதற்கு ஓரத்தில் குஞ்சம் தொங்கும் திரை இருக்கும். அவற்றையெல்லாம் தைத்துக் கொடுத்தது தையல் மிஷின். அதற்கும் ஓர் உறை இருந்தது. மற்ற உறைகள் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. எங்கள் அம்மாவின் மிஷின் உறையை மட்டும் இப்போதும் வரிசை வரிசையாகச் சொல்ல முடியும். எந்த வரிசையில் எந்தத் துணி, அது யாருடைய துணி என்பது வரைக்கும்.

ஊர் விக்கிரமசிங்கபுரம். பாபநாசம் அருவிக்குக் கீழே, தாமிரபரணியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் பஞ்சாலை கட்டிய இடம். அவர்களே 1892இல் மதுரையில் மதுரா மில்ஸைத் தொடங்கினார்கள். அது 1974இல் ஜே அண்ட் பி கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. பேர் எத்தனை மாறினாலும் ஊரில் எல்லோருக்கும் அது மில்தான். சங்கு ஊதினால் ஷிப்டு மாறும், உலை கொதிக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும். அப்பாவின் சம்பளக் கவரில் இருந்த அதே பேர் அம்மாவின் நூல்கண்டு லேபிளிலும் இருந்தது. சிறுவயதில் எனக்கு அது பெரிய பெருமை. அப்பா நூற்றதை அம்மா தைக்கிறாள் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நாங்கள் இருந்தது ஒரு வளவில். நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. எங்கள் வீட்டுத் தார்சாவில் வெளிச்சம் விழும் இடத்தில் மிஷின் நின்றது. உஷா மிஷின். கறுப்பு உடம்பு, தங்க நிறக் கொடிகள், இரும்புக் காலுக்கு நடுவே வார்ப்பில் எழுதிய பேர். கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930களில் தயாரிக்கத் தொடங்கிய மிஷின் அது. அதை உருவாக்கிய பிஷன் தாஸ் பாசில் தன் மகளின் பேரையே மிஷினுக்கு வைத்தார் என்பதை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். படித்தபோது அம்மாவின் அளவு நோட்டு ஞாபகம் வந்தது. நாற்பது பக்க நோட்டு அது. பக்கத்துக்கு ஒருத்தி. தோள், மார்புச் சுற்று, இடுப்பு, கை உயரம், கழுத்து இறக்கம். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு ‘மிஷின்’. நீளம் 20, அகலம் 9, உயரம் 13, சக்கரத்துப் பக்கம் 1 கூட. எல்லாம் அங்குலக் கணக்கு.

அந்த ‘1 கூட’ என்பதில் அம்மாவின் கைத்தேர்ச்சி இருக்கிறது. மிஷினின் வலது பக்கம் கைச்சக்கரம் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் வெட்டினால் உறை அந்த இடத்தில் இழுத்துப் பிடித்து, இடது பக்கம் தூக்கிக்கொள்ளும். மேலே நூல்கண்டு மாட்டும் கம்பியும் துணியைக் குத்தும். கண்டை எடுத்துவிட்டு உறை போட்டாலும் கம்பி அங்கேதான் இருக்கும். அந்த இடத்தில் அம்மா உள்பக்கமாக ஒரு சதுரத் துணியை இரட்டிப்பாகத் தைத்துவிடுவாள். கடையில் வாங்கிய எந்த உறையிலும் இதுவரை நான் அதைப் பார்த்ததில்லை.

உறை அழகுக்கு மட்டும் வந்ததல்ல. பருத்தித் துணி தைக்கத் தைக்க ஊசித் தகட்டுக்கு அடியில், துணியைத் தள்ளும் பல்லுக்கு இடையில் பஞ்சுத்தூசி சேரும். அதன் மேல் எண்ணெய் பட்டால் பிசுபிசுக்கும். அதற்கும் மேல் தெருப்புழுதி விழுந்தால் நாளாக ஆக இறுகிப் பசையாகிவிடும். பிறகு பெடல் கனக்கும், தையல் விட்டு விட்டு விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊசிக்கம்பி துருப்பிடிக்கும். இதெல்லாம் போக நாங்கள் இருந்தோம். வளவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்ப்பதில் ஓர் ஆனந்தம். ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பாபினில் நூல் சிக்கிக்கொள்ளும். உறை போட்டிருந்தால் மட்டும் யாரும் தொட மாட்டோம். திறந்திருக்கும் மிஷின் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். மூடிய மிஷின் அம்மாவின் சொத்து.

அம்மா புது உறை தைத்தது தீபாவளி முடிந்த பிறகு, கார்த்திகை மழையில். அதற்கு முன்னால் அவளுக்கு நேரமே கிடைக்காது. புரட்டாசி பாதியிலிருந்து தீபாவளி முந்தின நாள் ராத்திரி வரை மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பாவாடை, சட்டை, ஜாக்கெட், மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்களின் கால்சட்டை. தீபாவளி மத்தியானம் எல்லோரும் புதுத்துணியில் திரிய, அம்மா மட்டும் சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்குவாள். பிறகு மழை பிடிக்கும். தைக்கக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். அப்போதுதான் மிஷினுக்கு அடியில் கிடக்கும் துணிப்பையை எடுத்து முற்றத்துத் திண்ணையில் கொட்டுவாள்.

மிச்சத் துணியைப் பற்றி அம்மாவுக்கு ஒரு நேர்மை உண்டு. ஒட்டுப் போட உதவும் அளவுக்குப் பெரிதாக மிஞ்சினால், தைத்த துணியோடு மடித்துக் கொடுத்துவிடுவாள். கேட்காமலே கொடுப்பாள். தனக்கென்று வைத்துக்கொண்டது யாருக்கும் உதவாத துண்டுகளை மட்டும். அவற்றில் முக்கியமானது கழுத்து வெட்டு. ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தை மடித்துப் போட்டுக் கழுத்தை வெட்டும்போது ஒரு துண்டு விழும். விரித்தால் மேல்பக்கம் நேராக, கீழ்ப்பக்கம் வளைந்து, உள்ளங்கை அகலத்தில் இருக்கும். எந்தப் பெண்ணின் ஜாக்கெட் ஆனாலும் அந்தத் துண்டு விழுந்தே தீரும். டூ பை டூ, ரூபியா, பாப்லின், வாயில், தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்துக் கொடுத்து நாலு கை மாறிய ஜாக்கெட் பிட் என்று எல்லாத் துணியிலும் ஒரே வடிவம். அளவுதான் கொஞ்சம் முன்பின்.

அந்தத் துண்டுகளைத்தான் அம்மா உறை முழுக்கப் பதித்தாள். அடித்துணி கேஸ்மென்ட். வெட்டுவதற்கு முந்தின நாள் அதை வாளியில் ஊறப்போட்டுக் காயவைப்பாள். புதுத்துணி முதல் துவைப்பில் சுருங்கும், உறை சுருங்கினால் மிஷினில் ஏறாது. உட்பக்கத்துக்கு அப்பாவின் பழைய வேட்டி. எத்தனையோ துவைப்பு கண்ட வேட்டிக்கு எண்ணெயை உறிஞ்சும் குணம் உண்டு, மிஷினின் வண்ணத்தையும் அது கீறாது. ஒவ்வொரு கழுத்துத் துண்டின் வளைவையும் கால் அங்குலம் உள்ளே மடித்து, நகத்தால் அழுத்தி, ஓடு தையல் போட்டு வைப்பாள். பிறகு உறையின் அடியிலிருந்து ஆரம்பிப்பாள். முதல் வரிசையை வைத்துத் தைத்ததும், அதன் நேர் ஓரத்தை மறைக்கிற மாதிரி மேல் வரிசை. அதற்கும் மேலே அடுத்தது. வரிசை மாறும்போது ஒரு துண்டின் நடு, கீழ் வரிசையில் இரண்டு துண்டு சேரும் இடத்துக்கு நேராக வர வேண்டும். முடிந்ததும் பார்த்தால் மீன் செதில் அடுக்கிய மாதிரி இருக்கும். நாலு பக்கமும் மேல்பக்கமுமாக ஐந்து துண்டையும் சேர்ப்பது கடைசி வேலை. உட்பக்கத்தில் ஒரு பை வைப்பாள். கத்தரிக்கோல், டேப், தையல் சாக், பாபின் பெட்டி எல்லாம் அந்தப் பைக்குள். ராத்திரி உறையை எடுத்து மாட்டினால் கடையே கட்டிய மாதிரி.

தைத்துக் கொடுப்பது எல்லாம் இன்னொருத்தர் அளவுக்கு, இன்னொருத்தர் சொல்லும் நாளுக்கு. அவள் ஆசைப்பட்டு, யாரும் அவசரப்படுத்தாமல், தன் கண்ணுக்குப் பிடித்த மாதிரி நிறம் சேர்த்துத் தைத்தது இந்த ஓர் உறைதான். மழைச் சத்தத்தில் திண்ணையில் உட்கார்ந்து, மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலமா பச்சையா என்று வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் அப்போது இருந்த நிதானத்தை வேறு எந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை. அவளுடைய சொந்தப் புடவைகள்கூட அவளாகத் தேர்ந்தெடுத்தவை குறைவு.

இந்த இடத்தில் காந்தியைச் சொல்ல வேண்டும். 1924இல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் அவரிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். காந்தி விதிவிலக்காக எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனிதன் கண்டுபிடித்த பயனுள்ள சில பொருள்களில் அதுவும் ஒன்று, மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த அன்பில் பிறந்தது என்று விளக்கினார். கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன். பிறகு அவரும் டாக்டர் சௌந்தரமும் சேர்ந்துதான் 1947இல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஐசக் சிங்கரின் இல்லற வாழ்க்கை அந்தக் கதைக்குப் பொருந்தி வராது. 1846இல் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவின் வீட்டில்தான் மனைவி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். ஆள் மாறியிருக்கலாம். ஆனால் அந்த இரும்பின் மேல் ஓர் அன்பு உண்டு என்று காந்தி கண்டது சரி. தன் முன்னால் உட்கார்ந்து உழைத்த பெண்ணை அது காப்பாற்றியது. அவள் அதற்கு உடுத்திப் பார்த்தாள்.

உறையின் பெரிய நாள் ஆயுத பூஜை. இரண்டு நாள் முன்னால் உறையைக் கழற்றி, வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, எண்ணெய்க் கறை போகக் கசக்கி, முற்றத்துக் கொடியில் காயப்போடுவாள். மிஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்து, அடியில் இருக்கும் தூசியையெல்லாம் பழைய பல்விளக்கும் பிரஷால் தட்டி எடுத்து, துளைக்குத் துளை எண்ணெய் விடுவாள். அதற்குள் கொடியடியில் கூட்டம் சேர்ந்துவிடும். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று பார்ப்பார்கள்.

“எக்கா, இந்த ஊதா எங்க சின்னவ சடங்குக்கு எடுத்ததுல்லா?”

“ஆமா. அந்தக் கரும்பச்சை ஒங்க மதினி நிச்சயத்துக்கு.”

“இந்தச் சிவப்பு?”

“அது எனக்கே ஞாபகம் இல்ல. பொறுங்க, நோட்டைப் பாக்கேன்.”

அளவு நோட்டில் அம்மா துணி நிறத்தையும் எழுதி வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் அந்த உறையில் இருந்தார்கள். கிழிந்து கரித்துணியாகிப் போன ஜாக்கெட்டுகளின் நிறம் அதில் வெளுக்காமல் இருந்தது. தேர்வு எழுதப் போட்டுப்போன பள்ளிச் சீருடையின் நீலம் இருந்தது. பிரசவத்தில் இறந்துபோன ஒருத்தியின் அரக்கு நிற வாயில் இருந்தது. அவளுடைய அம்மா கொடியடிக்கு வந்தால் ஒன்றும் பேச மாட்டாள். அந்தத் துண்டைக் கையால் ஒரு தடவை தடவிவிட்டுப் போவாள்.

கடைசி வீட்டு ஆச்சிக்கு மட்டும் அந்த உறையில் துண்டு கிடையாது. அவள் ரவிக்கை போட்டுப் பழகாத தலைமுறை. சேலைத் தலைப்பை இழுத்து இறுக்கிச் செருகினால் அவள் உடுத்து முடிந்தது. ஒரு வருஷம் கொடியடியில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

“ஏட்டி, வளவுல உள்ளவ துணியெல்லாம் இதுல இருக்கு. எந்துணி மட்டும் இல்லையேட்டி?”

“நீங்க கழுத்து வெட்டத் துணி குடுத்தாத்தான ஆச்சி? பழைய சேல ஒண்ணு தாங்க, வச்சிருதேன்.”

அந்தக் கார்த்திகையில் ஆச்சியின் மதுரைச் சுங்குடி ஒன்று வந்து சேர்ந்தது. நைந்து போன சேலை. புள்ளிகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. அம்மா அதைக் கோணவாக்கில் வெட்டிக் கிராஸ் பீஸ் எடுத்தாள். ஐந்து பக்கமும் சேரும் விளிம்பு எல்லாவற்றுக்கும், அடி ஓரம் முழுவதற்கும் அதையே பைப்பிங்காக வைத்தாள். கோணவாக்கில் வெட்டிய துணிதான் வளைவில் மடங்கும், சீக்கிரம் பிரியாது என்பது தையல்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் மற்ற எல்லோருடைய துண்டையும் பிரியாமல் பிடித்து வைத்திருந்தது ஆச்சியின் சேலை. அதைப் பார்த்ததும் ஆச்சி எங்கள் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

அப்பா ஓய்வு பெற்றார். அண்ணனுக்குச் சென்னையில் வேலை. நான் அதற்கு முன்பே கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். வீட்டைக் காலி செய்தபோது, அண்ணன் பார்த்திருந்த அடுக்குமாடி வீட்டில் மிஷினுக்கு இடம் இல்லை. தையல் லோயர் பாஸ் பண்ணியிருந்த வளவுப் பெண் ஒருத்திக்கு அம்மா அதைக் கொடுத்துவிட்டாள். உறையை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நான் போனில் சொன்னேன். “மிஷினை வெறும் உடம்போட குடுக்கப்பிடாது” என்று அவள் முடித்துவிட்டாள். அவள் சொன்னது முறைதான். உறை அந்த மிஷினின் அளவுக்குத் தைத்தது. வேறு எங்கே போனாலும் அதற்கு வேலை கிடையாது.

பல வருஷம் கழித்து அந்தப் பெண்ணை அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். மிஷினுக்கு மோட்டார் வைத்து, அதில் தைத்தே இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்துவிட்டாள். உறையைப் பற்றிக் கேட்டேன். கிழியும் வரை போட்டதாகவும், கிழிந்த பிறகு மிஷின் துடைக்க வைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். பயன்பட்டுத் தேய்ந்து போவதைவிட ஒரு துணிக்கு நல்ல முடிவு கிடையாது. அம்மா கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்குத்தான் அன்று பந்தியில் சோறு இறங்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. அளவு நோட்டும் வீடு மாற்றியதில் போய்விட்டது. வளவு இருந்த இடத்தில் மாடிவீடுகள் வந்துவிட்டன.

என்னிடம் ஒரு மின்சார மிஷின் இருக்கிறது. கையால் தூக்கி மேசை மேல் வைக்கலாம். கூடவே ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. சென்னைக் காற்றின் உப்புக்கும் ஈரத்துக்கும் பிளாஸ்டிக் உதவாது. உள்ளே வேர்த்துவிடும். மிஷினுக்குத் துணியுறைதான் நல்லது, காற்று உள்ளே போய் வரும். அதற்காகவே சென்ற மழைக்காலத்தில் ஓர் உறை தைத்தேன். வீட்டில் தேடினால் ஒரு கழுத்து வெட்டுத் துண்டு கிடையாது. நாங்கள் எல்லோருமே ரெடிமேடுக்கு மாறிவிட்டோம். தெருமுனையில் ஜாக்கெட் தைக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவள் கடை மூலையில் ஒரு சாக்கு. வண்டிப் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க வாங்கிப்போவார்களாம். “எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்கக்கா” என்றாள்.

எடுத்து விரித்ததும் ஒன்று கண்ணில் பட்டது. துண்டுகள் பெரிதாகிவிட்டன. அந்தக் காலத்தில் கழுத்து இறக்கம் கொஞ்சம்தான் இருக்கும், துண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். இப்போது முதுகுக் கழுத்து ஏழு, எட்டு அங்குலம் இறங்குகிறது. பானைக் கழுத்து, சதுரக் கழுத்து, இலைக் கழுத்து என்று வடிவமும் ஒன்றுக்கொன்று சேர மாட்டேன் என்கிறது. பளபளப்புத் துணிகளில் இஸ்திரிப்பெட்டி வைத்தால் சுருங்குகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பருத்தியாகப் பொறுக்கி, அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அந்த அளவுக்குக் குறைத்தேன். கேஸ்மென்டை ஊறவைத்தேன். அடி வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். சக்கரத்துப் பக்கம் ஓர் அங்குலம் கூட விட்டேன். உட்பக்கத்துக்கு அப்பாவின் வேட்டி கிடைத்தது. பைப்பிங்குக்கு அம்மாவின் சுங்குடி.

உறை நன்றாகவே வந்திருக்கிறது. மூலைகள் நேராக நிற்கின்றன, மிஷினில் தூசி சேர்வதில்லை. பார்க்கிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். ஆனால் இது யாருடைய துணி என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்டாலும் சொல்ல எனக்குத் தெரியாது. வேட்டியும் சுங்குடியும் தவிர மற்ற எல்லாம் முகம் தெரியாதவர்களுடையவை. அவர்கள் இதே தெருவில்தான் இருக்கிறார்கள். கடைக்குப் போகும் வழியில் அவர்களில் பலரைத் தினமும் தாண்டிப் போகிறேன்.

உங்கள் வீட்டில் பழைய மிஷினும் அதன் மேல் யாரோ தைத்த உறையும் இன்னும் இருந்தால், அதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை துவைத்துக் கொடியில் போடுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்களைக் கொடியடிக்குக் கூட்டிவந்து துணி துணியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பேரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள்.